கூறைச் சேலையும் கண்ணாடிச் செட்டையும்

தம்பி கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறான். அவனுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது பத்தியம் சமைக்கவும் மூத்தவளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டான். பங்குனி தொடக்கத்தில் போய் மூன்று மாதம் நின்றேன். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் வீட்டு முன்வளவில் பூங்கன்று வைத்து விற்கிற எனக்கு, முதல் ஒரு மாதமும் கண்ணுக்குப் பச்சையே கிடைக்கவில்லை. மரங்கள் எல்லாம் விறகு மாதிரி நின்றன. மச்சாளுக்குக் குளிக்க வார்க்கப் பாவட்டை இலை இல்லையே என்றுதான் எனக்குப் பெரிய குறை. எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குப் பாவட்டையும் நொச்சியும் அவித்த தண்ணீரில்தான் அம்மா வார்ப்பார். இங்கே வேலியில் கை நீட்டி முறிக்கிற இலை அங்கே எந்தத் தமிழ்க் கடையிலும் இல்லை. கடைசியில் நொச்சிக்கும் வழியில்லாமல், மஞ்சளும் வேப்பிலைத் தூளும் போட்டுச் சமாளித்தோம்.

பாவட்டையை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இந்தக் கதையில் அது திரும்ப வரும்.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. வெயில் எறிந்தது. தம்பி என்னையும் மருமகளையும் ரூஜ் பூங்காவுக்குக் கூட்டிப் போனான். ரொறன்ரோவின் கிழக்குக் கரையில் இருக்கிற பெரிய காடு அது. நகரத்துக்குள்ளேயே ஆறும் பள்ளமும் மரமுமாக நீண்டு கிடக்கிறது. வெயில் விழுந்த இடமெல்லாம் சேறு. மர நிழலில் மட்டும் பனி அழுக்கு வெள்ளையாக ஒட்டிக் கிடந்தது. தம்பியின் போன் 11 பாகை என்று காட்டியது. நான் இரண்டு சுவெட்டர், ஒரு ஜக்கெட், தலைக்குத் தொப்பி.

மருமகளுக்கு அப்போது எட்டு வயது. அவள்தான் முதலில் கண்டாள். "மாமி, பட்டர்ஃபிளை!" என்று கத்தினாள். நான் நம்பவில்லை. பூ ஒன்றும் இல்லை, இலை ஒன்றும் இல்லை, பக்கத்தில் பனி கிடக்கிறது, இதற்குள் வண்ணத்துப்பூச்சி எங்கிருந்து வரும்? காய்ந்த சருகு பறந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். அது சருகு மாதிரியேதான் வந்தது. பாதையோரம் விழுந்து கிடந்த மரக் குற்றியில் இருந்து, செட்டையை விரித்தது.

குனிந்து பார்த்தேன். ஒரு முழம் தள்ளி என் முகம். அது பறக்கவில்லை. நல்ல அரக்கு நிறம், வெயில் பட்டால் பட்டுத் துணி மாதிரிச் சிவப்பும் மண்ணிறமும் மாறி மாறி ஓடியது. ஓரம் முழுவதும் வெண்ணெய் நிறத்தில் அகலமான கரை. கரைக்கு உள்பக்கம் கறுப்புப் பட்டை, அதற்குள் நீலப் பொட்டு வரிசையாக, சின்ன விரல் நகத்தில் கால்வாசி அளவு. ஓரங்கள் கிழிந்திருந்தன. ஒரு செட்டையில் கரை கொஞ்சம் தேய்ந்து போயிருந்தது. நெஞ்சில் மயிர், பூனைக்குட்டிக்கு இருப்பது போல நெருக்கமாக.

எனக்கு உடனே என் கூறைச் சேலைதான் நினைவுக்கு வந்தது. அரக்குப் பட்டில் கரை போட்டது. அலுமாரிக்குள் மடித்து வைத்து, மடிப்பில் நைந்து போன கூறை.

"அக்கா, இதுக்கு இங்கை மோர்னிங் குளோக் எண்டு பேர்," என்றான் தம்பி. "காலமை மோர்னிங் இல்லை. துக்கம் காக்கிற மோர்னிங். செத்த வீட்டிலை போடுற மேலங்கி."

பிறகு தேடிப் பார்த்தேன். ஜெர்மன்காரரும் அதைத் துக்க அங்கி என்றுதான் சொல்கிறார்கள், சுவீடன்காரரும் நோர்வேக்காரரும் அப்படித்தான். கறுத்த அங்கிக்கு அடியில் வெளிர் உடுப்பின் ஓரம் தெரிகிற மாதிரி அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இங்கிலாந்தில் மட்டும் வேறு பேர்: கம்பர்வெல் அழகி. 1748இல் லண்டனுக்குப் பக்கத்துக் கம்பர்வெல்லில் இரண்டைக் கண்டு பிடித்ததால் வந்த பேர். அங்கே அது குடியிருக்கிற பூச்சி இல்லை, எப்போதாவது கடல் தாண்டி வருகிற விருந்தாளி. ஒரே பூச்சியை ஒருவர் செத்த வீட்டிலும் ஒருவர் கலியாண வீட்டிலும் பார்த்திருக்கிறோம். நான் கூறைச் சேலை என்றே வைத்துக்கொண்டேன். மருமகளும் இப்போது அப்படித்தான் சொல்கிறாள்.

அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் மயிர்க்கூச்செறிந்தது. அது அன்றைக்குக் கூட்டிலிருந்து வெளிவந்த புதுப் பூச்சி இல்லை. போன வருடம் ஆனி, ஆடியில் வந்தது. கோடையில் நல்ல சூடு வந்தால் ஒளித்துக் கொஞ்சம் தூங்கி, இலையுதிர் காலத்தில் வெளியே வந்து தின்று கொழுத்து, பிறகு மரப்பட்டைக்குள்ளோ விறகுக் குவியலுக்குள்ளோ புகுந்து, பனிக்காலம் முழுவதையும் அப்படியே கழித்திருக்கிறது. முட்டையாகவோ கூட்டுப்புழுவாகவோ குளிரைத் தாண்டுகிற பூச்சிகள் நிறைய உண்டு. இது செட்டையோடு, முழு உருவத்தோடு, ரொறன்ரோவின் தை மாதத்தைத் தாண்டுகிறது. உடம்பில் தண்ணீரைக் குறைத்து, கிளிசரோல் போன்ற பொருட்களைச் சேர்த்து வைப்பதால் உள்ளே உறையாமல் தப்புகிறது. கார் ரேடியேட்டருக்குள் தண்ணீர் உறையாமல் இருக்க அங்கே ஊற்றுவார்களே, அது செய்கிற வேலைதான். செட்டை கிழிந்திருந்ததற்குக் காரணம் இப்போது விளங்குகிறதா? அதற்கு வயது ஒன்பது மாதத்துக்கு மேல். வண்ணத்துப்பூச்சிகளில் இவ்வளவு நாள் இருப்பவை மிகக் குறைவு; பத்து, பதினொரு மாதம் வரை இது உயிரோடு இருக்கும். அந்தச் சித்திரையில் சோடி சேர்ந்து, வில்லோ மரத்திலோ எல்ம் மரத்திலோ முட்டையிட்டு, அதோடு முடிந்துவிடும்.

சாப்பாடு? பூவே இல்லாத காலத்தில் என்ன குடிக்கும் என்று கேட்டேன். மரத்தின் சாறு. மேப்பிள் மரத்தில் காயம்பட்ட இடத்தில் வடிகிற இனிப்புத் தண்ணீர். அதே சாற்றைத்தான் அந்த நாட்டுக்காரர் மரத்தில் துளை போட்டு எடுத்துப் பாணி காய்ச்சுகிறார்கள். பனையில் கருப்பணி எடுத்துப் பனங்கட்டி காய்ச்சுகிற ஊரில் பிறந்தவளுக்கு இதைவிடச் சொந்தமான செய்தி கிடையாது. மருமகளுக்குப் பனையைப் பற்றிச் சொல்லப் போய், அரை மணித்தியாலம் அதிலேயே போனது.

அன்றைக்குப் பார்த்ததில் ஒன்றை மட்டும் விடாமல் சொல்ல வேண்டும். ஒரு முகில் வந்து வெயிலை மூடியது. கூறைச் சேலை உடனே செட்டை இரண்டையும் மேலே சேர்த்து மூடிக்கொண்டது. மூடியதும் ஆளைக் காணோம். செட்டையின் அடிப்பக்கம் எரிந்த கரிக்கட்டை நிறம். மரக் குற்றியில் ஒரு செதில் கிளம்பி நிற்பதுபோல இருந்தது, ஓரத்தில் வெளிர்க் கோடு மட்டும். இந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தும் கண் தவறியது. முகில் விலகியதும் திறந்தது, முதுகைச் சூரியனுக்கு நேராகத் திருப்பியது. அந்த அரக்கு நிறம் அலங்காரத்துக்கு இல்லை, அடுப்பு. வெயிலை வாங்கி நெஞ்சுக்குக் கொடுக்கிறது. வண்ணத்துப்பூச்சி நன்றாகப் பறக்க நெஞ்சுத் தசை 30 பாகைக்கு மேலே சூடாக வேண்டும். காற்றோ 11 பாகை. மீதியை அது சூரியனிடம் கடன் வாங்கியது. போதாத நேரம் செட்டையைச் சின்னதாக நடுக்கித் தானும் கொஞ்சம் சூடு உண்டாக்கும். நாங்கள் நின்ற கால் மணி நேரத்தில் இரண்டு தரம் அப்படி நடுங்கியதைப் பார்த்தேன். பிறகு ஒரே தூக்கில் மேலே போய் மரங்களுக்குள் மறைந்தது.

"மாமி, அதுக்கு நாலு கால்தான்," என்றாள் மருமகள். பூச்சிக்கு ஆறு கால் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவள். நானும் எண்ணியிருந்தேன், நாலுதான். முன் கால் இரண்டும் சுருங்கி, தூரிகை மாதிரி நெஞ்சோடு ஒட்டியிருக்கும். அந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய எல்லாம் அப்படித்தான். நம்மூரில் எருக்கலையைச் சுற்றுகிற நீலப் புலியும், கறுத்த பெரிய காக்கை வண்ணத்துப்பூச்சியும் அதே குடும்பம். ஊருக்கு வந்தவுடன் முதல் வேலையாக அதை எண்ணிப் பார்த்தேன்.

ஊருக்கு வந்தவுடன் வேறொன்றையும் பார்த்தேன். அதுதான் நான் எழுத நினைத்த மற்றப் பாதி.

இங்கே என்னிடம் கார்டினியா வாங்குகிறவர்கள் திரும்பி வந்து சொல்கிற முறைப்பாடு ஒன்று உண்டு. "தங்கச்சி, நல்லா வந்த கண்டு, ஒரு இரவிலை மொட்டையாப் போச்சு." இலைகளைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாடிக்குக் கீழே பார்க்க வேண்டும். நல்ல மிளகு அளவில் கறுத்த உருண்டைகள் கிடக்கும். அதற்கு நேர் மேலே பார்த்தால், இலையோடு இலையாக, பச்சைப் புழு. மயிர் கிடையாது. முருங்கையில் வருகிற மயிர்க்கொட்டி மாதிரிக் கடிக்காது. சின்ன விரல் பருமன், பக்கத்தில் வரிசையாகச் சிவந்த மூச்சுத் துளைகள், வால் பக்கம் ஒரு கொம்பு. தொட்டால் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கும். சில வேளை கருமையாகவும் வரும்.

இருபது வருடமாக அதற்கு மருந்து அடித்தேன். அடிக்கச் சொல்லியும் கொடுத்தேன். அது எதுவாக வரும் என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. இப்போது நினைத்தால் மனம் வலிக்கிறது.

கனடாவிலிருந்து வந்த ஆடி மாதம், மொட்டையாகிக் கொண்டிருந்த ஒரு கார்டினியாவில் மூன்று புழு. மருந்துப் போத்தலை எடுத்தேன். பனிக்காலம் முழுவதும் பட்டைக்குள் கிடந்த அந்தப் பூச்சி நினைவு வந்தது, திரும்ப வைத்துவிட்டேன். பழைய பிளாஸ்ரிக் வாளியில் செம்மண்ணும் சருகும் போட்டு, நுளம்பு வலைத் துணியால் மூடி, மூன்றையும் இலையோடு உள்ளே விட்டேன். நாலாம் நாள் நிறம் மங்கிச் சருகுக்கு அடியில் போய்விட்டன. ஒன்று செத்தது. மற்ற இரண்டும் மண்ணிறக் கூட்டுப்புழு ஆயின.

பதினைந்தாம் நாள் காலையில் தண்ணீர் விடப் போனபோது ஒன்று வலைத் துணியில் தொங்கிக்கொண்டு நின்றது. பச்சையும் மஞ்சளும் கலந்த தடித்த உடம்பு, ஒலிவ் நிறம் என்று சொல்வார்களே, அது. இடுப்பில் சிவந்த பட்டி. வால் நுனியில் கறுத்த மயிர்க் குஞ்சம். செட்டை மட்டும் சாம்பல் பூசின மாதிரி மங்கலாக, எந்த அழகும் இல்லாமல் இருந்தது. வலையை விலக்கி, அது ஏறி நின்ற குச்சியை வெளியே எடுத்து வைத்தேன். கொஞ்ச நேரம் சும்மா நின்றது. பிறகு செட்டையை நடுக்கத் தொடங்கியது. மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். அந்த நடுக்கத்தில் செட்டையிலிருந்து தூள் கிளம்பியது. காலை வெயிலில் அந்தத் தூள் புகை மாதிரி எழும்பிப் போனதை நான் பார்த்தேன். தூள் போன இடத்தில் கண்ணாடி. நரம்புகள் மட்டும் கறுப்புக் கோடாக நிற்க, மற்றதெல்லாம் ஊடு தெரிகிற கண்ணாடி. அதற்குள்ளால் எனக்கு வாளியின் நீல நிறம் தெரிந்தது.

வண்ணத்துப்பூச்சியைக் கையில் பிடித்தால் விரலில் ஒட்டுகிற வர்ணத் தூள்தான் அதுவும். செதில்கள். கூறைச் சேலைக்கு அந்தச் செதில்தான் அடுப்பு, உடுப்பு, மறைப்பு எல்லாம். இந்தப் பூச்சி முதல் பறப்பிலேயே அதை உதறி விட்டுப் போகிறது.

ஒரு நிமிடத்துக்குள் அது எழும்பி, என் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, நாயுண்ணிப் பூவுக்குப் போனது. பூவில் இருக்கவில்லை. பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றுகொண்டு, நீண்ட தும்பிக்கையை உள்ளே விட்டுக் குடித்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இதை நான் எத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறேன்! பெரிய வண்டு என்று நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அன்ரி அதைத் தேன்சிட்டுக் குஞ்சு என்று இன்றைக்கும் சொல்வார். குளவி என்று பயந்து பிள்ளைகளை உள்ளே கூப்பிடுகிறவர்களும் உண்டு. அது கொட்டாது, கடிக்காது. தேனீ மாதிரி இருப்பதால் குருவிகள் யோசிக்கும், அவ்வளவுதான். விஞ்ஞானப் பேர் செபோனோடெஸ் ஹைலாஸ். கோப்பிச் செடியையும் தின்பதால், தேனீ மாதிரி இருப்பதால், ஆங்கிலத்தில் கோப்பித் தேனீப் பருந்து அந்து என்கிற மாதிரி ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். உயிர்களுக்கு விஞ்ஞானப் பேர் வைக்கிற முறையைத் தொடக்கிய லின்னேயஸ்தான் இதற்கும் பேர் வைத்தவர், 1771இல். கூறைச் சேலைக்கு அவர் 1758இலேயே வைத்துவிட்டார். அது அவருடைய சுவீடனில் பறக்கிற பூச்சி. எங்களுடையதைச் செத்த உடம்பாக மட்டும் பார்த்திருப்பார்.

சரி, இது ஏன் அந்துப்பூச்சி, அது ஏன் வண்ணத்துப்பூச்சி? பகலில் பறந்தால் வண்ணத்துப்பூச்சி, இரவில் விளக்குக்கு வந்தால் அந்து என்றுதான் எங்களுக்கு எல்லாம் மனதில் இருக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் இரண்டும் வண்ணத்துப்பூச்சிதான், இரண்டும் வெயிலில் பறக்கின்றன. உணர்கொம்பைப் பார்க்க வேண்டும். கூறைச் சேலையின் உணர்கொம்பு மெல்லிய குச்சி, நுனியில் தீக்குச்சித் தலை மாதிரிக் குமிழ். எங்கள் பூச்சியினது தடிப்பாக வந்து நுனியில் ஒடுங்கி, கொளுக்கி மாதிரி வளைந்திருக்கும். இன்னொன்று, பெரும்பாலான அந்துப்பூச்சிகளில் பின் செட்டையிலிருந்து ஒரு விறைத்த மயிர் முன் செட்டையில் கொளுவி இருக்கும், இரண்டும் ஒன்றாக அடிப்பதற்கு. செத்துக் கிடந்த ஒன்றை எடுத்து ஊசி முனையால் விலக்கி, பூதக்கண்ணாடியில் அதைப் பார்த்தேன். பார்த்த அன்று இரவு தம்பிக்குப் போன் எடுத்துச் சொன்னேன், அவன் வேலைக்குப் போகிற அவசரத்திலும் கேட்டுக்கொண்டான்.

ஆனால் இந்தக் கோடே நாங்கள் கீறியதுதான். செதில் செட்டைப் பூச்சிகள் என்ற பெரிய மரத்தில் ஏறக்குறைய 1,60,000 இனங்களுக்குப் பேர் இருக்கிறது. அதில் வண்ணத்துப்பூச்சி 18,000 போலத்தான். மற்றதெல்லாம் அந்து. வண்ணத்துப்பூச்சி அந்த மரத்தின் பக்கத்தில் நிற்கிற வேறு மரம் இல்லை, அதில் ஒரு கொப்பு. 2023இல் உலகம் முழுவதும் பல நாட்டு ஆராய்ச்சியாளர் சேர்ந்து மரபணுக்களை ஒப்பிட்டுச் சொன்ன முடிவு: ஏறத்தாழ 10 கோடி வருடத்துக்கு முன், அமெரிக்கக் கண்டத்தில், அவரை இனச் செடிகளைத் தின்றுகொண்டிருந்த அந்துக் கூட்டம் ஒன்று பகலுக்கு மாறியது, அதன் வாரிசுகள்தான் இந்த வண்ணத்துப்பூச்சிகள் எல்லாம். எங்கள் கண்ணாடிச் செட்டையின் முன்னோர் வெகு காலம் கழித்து, தனி வழியில் பகலுக்கு வந்தவர்கள். ஆக, கூறைச் சேலையும் பகலுக்கு வந்த அந்துதான், முதலில் வந்தது.

என்னை இதில் அதிகம் பிடித்து வைத்திருப்பது சூடு. குளிர் நாட்டுப் பூச்சி பாவம், தவித்துக்கொண்டு இருக்கிறது. எங்கள் பூச்சிக்கு என்ன குறை, வெயிலில் சுகமாகப் பறக்கிறது என்று நினைத்தேன். குச்சியில் நின்று அது நடுங்கியதைப் பார்த்தபோதே எனக்கு அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. யாழ்ப்பாணத்து ஆடி மாதத்தில், 30 பாகை காலையில், இது ஏன் நடுங்க வேண்டும்?

ஏனென்றால் அந்தரத்தில் நின்று பறப்பதற்கு 30 பாகை போதாது. பருந்து அந்துகளுக்கு நெஞ்சுத் தசை 40 பாகைக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அந்த வேகத்தில் அடிக்க முடியும். தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மிசின் போலத்தான்: கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறினால்தான் ஒழுங்காக இழுக்கும். ஆனால் மிசினுக்கு அடுத்த பிரச்சினை உங்களுக்குத் தெரியும். ஓட ஓடச் சூடு ஏறிக்கொண்டே போகும். தசைக்குப் போகிற சக்தியில் பெரும் பங்கு வெப்பமாகத்தான் வெளியேறும். வெளியே குளிர் என்றால் காற்றே ஆற்றிவிடும். வெளியே வைகாசி வெயில் என்றால்?

இதை 1970ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் பேர்ன்ட் ஹைன்ரிச் என்பவர் ஆராய்ந்திருக்கிறார். அவர் எடுத்தது புகையிலையைத் தின்கிற பருந்து அந்து. இங்கே புகையிலைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம், அது அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. காற்றின் சூடு கூடினாலும் குறைந்தாலும் அதன் நெஞ்சு ஏறக்குறைய ஒரே சூட்டில், 40 பாகைக்குச் சற்று மேலே, நின்றது. எப்படி? வயிற்றில் ஆறின இரத்தத்தை முதுகுப் பக்கத்துக் குழாய் நெஞ்சுக்கு இறைக்கிறது; நெஞ்சில் சூடான இரத்தம் திரும்ப வயிற்றுக்கு வருகிறது; வயிறு அந்தச் சூட்டைக் காற்றில் விடுகிறது. அந்தக் குழாயை அவர் கட்டிப் பார்த்தார். கட்டிய பூச்சி சூடேறி, பறக்க முடியாமல் நின்றுவிட்டது.

எங்கள் பூச்சியும் அதே குடும்பம். அதன் தடித்த வயிற்றை இப்போது நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். காலை எட்டரை தொடக்கம் பத்தரை வரை, பிறகு நாலு மணிக்குப் பின், அந்த நேரங்களில்தான் என் வளவுக்கு அது வரும். கொளுத்துகிற மத்தியானத்தில் கண்டது குறைவு. மழைக்காலம் முடிந்து வாடைக் காற்று அடிக்கிற தை மாதத்தில், கொஞ்சம் பிந்தி வரும். நான் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆக, ஒன்று பனிக்குப் பக்கத்தில் செட்டையை விரித்து வைத்துக்கொண்டு சூட்டைச் சேர்க்கிறது. மற்றது கொளுத்துகிற வெயிலில் தானே மூட்டின சூட்டை வெளியே இறைக்கிறது. இரண்டின் நெஞ்சிலும் கை வைத்துப் பார்க்க முடிந்தால், பறக்கிற நேரத்தில், இரண்டும் எங்கள் உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ரொறன்ரோவில் இரண்டு சுவெட்டரோடு நின்ற நானும், கோண்டாவிலில் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு நிற்கிற நானும் உள்ளுக்குள் ஒரே 37 பாகைதானே.

வாழ்நாள் வேறு. கூறைச் சேலைக்கு வருடத்துக்கு ஒரு தலைமுறைதான் பெரும்பாலும், அதுவும் பத்து மாதம் பொறுத்திருந்து. கண்ணாடிச் செட்டைக்குப் பொறுக்க நேரமில்லை. சில கிழமைகள்தான் பறக்கும். ஆனால் தளிர் இருக்கிற காலமெல்லாம் ஒரு தலைமுறை முடிய அடுத்தது வந்துகொண்டே இருக்கும். எது கெட்டி என்று மருமகள் ஒருநாள் கேட்டாள். எனக்கு இரண்டில் ஒன்றைச் சொல்ல வரவில்லை. பிடித்தது எது என்றால் கண்ணாடிச் செட்டைதான், அதைக் கையில் வைத்து வளர்த்திருக்கிறேன்.

இனிப் பாவட்டை. கார்டினியா என்பது வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்து வைத்த செடி. அது வருவதற்கு முன்பு இந்தப் பூச்சி இங்கே எதைத் தின்றிருக்கும்? பாவட்டையையும்தான். கார்டினியா, கோப்பி, பாவட்டை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். எங்கள் பழைய வேலியில் கிளுவைக்கும் பூவரசுக்கும் இடையில் பாவட்டை தானாக முளைத்து நிற்கும். 1995இல் இடம்பெயர்ந்து போய் அடுத்த வருடம் திரும்பி வந்தபோது, வேலியைத் தாண்டி முற்றம் வரை பாவட்டை மண்டியிருந்தது. அம்மா கத்தி எடுத்து வெட்டவெட்ட அழுதுகொண்டே வெட்டினார். அப்போது பூச்சி பார்க்கிற மனம் யாருக்கு இருந்தது.

இன்றைக்கு என் ஒழுங்கையில் பதினொரு வீட்டில் ஒன்பதுக்கு மதில். வெளிநாட்டுக் காசு வந்ததும் முதல் செய்கிற வேலை வேலியைப் பிடுங்கிக் கல் வைப்பது. எனக்குக் காரணம் விளங்கும். கதியால் கிடைப்பதில்லை, அடைக்க ஆள் கிடைப்பதில்லை, வருடா வருடம் ஓலை மாற்ற வேண்டும், கள்ளர் பயமும் இருக்கிறது. என் தம்பியே எனக்கு மதில் கட்டக் காசு அனுப்புகிறேன் என்றான். மூன்று பக்கம் கட்டினேன். கிழக்குப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன். அங்கே பாவட்டை ஆறு பற்றை நிற்கிறது, போன ஆவணியில் அதில் நாலு புழு எண்ணினேன். அதிலிருந்து விதை எடுத்து இப்போது பையில் கன்றும் போட்டிருக்கிறேன். பாவட்டைக் கன்றைக் காசு கொடுத்து வாங்க ஆள் வருமா என்று அன்ரி கேட்டார். இதுவரை ஏழு கன்று போயிருக்கிறது. நான் காசு வாங்கவில்லை. மதில் கட்டினாலும் உள்பக்க மூலையில் ஒன்றை நடுங்கோ, மருந்து மட்டும் அடிக்காதேங்கோ என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். கார்டினியா மொட்டையாகிறது என்று வருகிறவர்களுக்கும், புழுவை எடுத்துப் பாவட்டையில் விடச் சொல்கிறேன். மொட்டையான கார்டினியா மூன்று கிழமையில் திரும்பத் தளிர்க்கும், இருபது வருட அனுபவத்தில் அதை உறுதியாகச் சொல்வேன்.

போன சித்திரையில் தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். அதே பூங்கா, அதே பாதை, வேறு குற்றி. கூறைச் சேலை ஒன்று செட்டையை விரித்துக்கொண்டு இருக்கிறது. பின்னால் மருமகளின் குரல்: "மாமிக்கு அனுப்புங்கோ அப்பா, மாமிக்கு."

ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு நானே எடுத்தேன். அங்கே காலை, அவள் கோப்பையில் சீரியல் வைத்துக்கொண்டு இருந்தாள். நாயுண்ணிப் பற்றைக்கு முன்னால் போனைத் திருப்பிப் பிடித்தேன். நல்ல காலம், அது நின்றது. மூன்று பூத் தள்ளி, அந்தரத்தில், பூவுக்குப் பூ தாவிக்கொண்டு. கிட்டப் பிடிக்கச் சொன்னாள், பிடித்தேன். தும்பிக்கை தெரிகிறது, சிவந்த பட்டி தெரிகிறது, வால் குஞ்சம் விரிகிறது.

அவள் கரண்டியை வைத்துவிட்டுப் போனுக்குள் முகத்தைக் கொண்டு வந்தாள்.

"மாமி, இதுக்குச் செட்டை எங்கை?"

"அடிச்சுக்கொண்டுதான் நிக்குது, பாரம்மா," என்றேன். "கொஞ்சம் பொறு, இருக்கட்டும்."

அது இருக்கவில்லை. அடுத்த பூவுக்குப் போனது. நான் போனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.